கொர்ர்ர் என உறுமிய ஐபாட் டாக்... கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, ப்ளக் பாயின்ட்டில்!

பெரம்பூரில் ஒரு வீடு. ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் கறுப்பாக, ரொட்டி பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு ஸ்பீக்கர். அதன் நெற்றியில் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஐபாடைச் செருகினால் பாட்டு வரும். 'டாக்' என்பார்கள். 2006-ல் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது.

ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்குக் காலை காபியோடு அந்த டாக்கில் பாட்டு கேட்டாக வேண்டும். கடந்த சில மாதங்களாகப் பாட்டோடு சேர்த்து இன்னொரு சத்தமும் வந்தது. கொர்ர்ர் என்று, பூனை உறங்குவதுபோல. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

"பழசாயிடுச்சு தாத்தா. தூக்கிப் போட்டுட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிடலாம்" என்றான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன்.

"ஸ்பீக்கரைத் தூக்கிப் போடலாம்டா. உள்ள இருக்கிற உங்க பாட்டியை எங்கே போட?"

பேரன் வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். பாட்டி நன்றாகப் பாடுவார். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பாடிய தாலாட்டுகளைத் தாத்தா பழைய டூ-இன்-ஒன்னில் கேசட்டாகப் பதிந்துவைத்திருந்தார். 2008-ல் வந்த மகள், அந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிதாக வாங்கிவந்த ஐபாட் நானோவில் போட்டுக் கொடுத்தார். கேசட் பூஞ்சை பிடித்துப் போனது. கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போனது. 2011-ல் பாட்டியும் போய்விட்டார். 9 தாலாட்டுகள், அந்த விரல் அகல நானோவில் மட்டும்தான் மிச்சம்.

அடாப்டரின் கதை

டாக்கோடு வந்த அடாப்டர் செங்கல் கனம் இருக்கும். அதன் வயிற்றில் பொடி எழுத்தில் ஒரு லேபிள்: உள்ளே வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், வெளியே போவது 12 வோல்ட் டி.சி, 2.5 ஆம்பியர். நம் ஊர் ப்ளக் பாயின்ட்டில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் புகைதான். அதனால் மகள் அப்போதே ஒரு 'ஸ்டெப் டவுன்' பெட்டியும் வாங்கிக் கொடுத்திருந்தார். 230-ஐ 120 ஆக்கித் தரும் பெட்டி. வெளிநாட்டு மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் உள்ள வீடுகளில் இதைப் பார்த்திருக்கலாம்.

வோல்ட்டேஜ் சரியாகிவிட்டது. ஆனால் ஹெர்ட்ஸ்? அதை ஸ்டெப் டவுன் மாற்றாது. 50 உள்ளே போனால் 50-தான் வெளியே வரும். 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்ட்டேஜில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதன் இரும்புக்குள் ஓடும் காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதைத் தாங்கும்படி கொஞ்சம் தாராளமாகச் செய்திருந்தால் பிழைக்கும். கணக்குப் பார்த்துச் செய்திருந்தால் ரீங்காரமிடும், சூடாகும். தாத்தா வீட்டு அடாப்டர் இரண்டாவது ரகம். "குளிர்காலத்துல கை காய வைக்கலாம்" என்று அவரே கிண்டல் செய்வார்.

அந்தச் சூடுதான் வினை. இதுபோன்ற கனமான பழைய அடாப்டருக்குள் மூன்றே மூன்று சமாசாரங்கள் இருக்கும். வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர். ஏறி இறங்கி வரும் ஏ.சி-யை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும் டயோடுகள். திருப்பிவிட்ட பிறகும் மேடும் பள்ளமுமாக வரும் மின்சாரத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர். ஓவர்ஹெட் டேங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டுத் தண்ணீர் தள்ளினாலும் குழாயில் சீராக வருவதற்கு டேங்க்தானே காரணம்? அந்த டேங்க் வேலையைக் கெபாசிட்டர் பார்க்கிறது.

அதற்குள் இருப்பது ஈரமான ரசாயனம். சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. காய்ந்துவிட்டால் டேங்க் சுருங்கிவிடும். மேடும் பள்ளமும் அப்படியே டாக்குக்குள் போகும். நொடிக்கு 50 முறை ஆடும் ஏ.சி-யை டயோடு மடித்துப்போடுவதால் மேடுகள் நொடிக்கு 100 ஆகும். 100 ஹெர்ட்ஸ் என்பது காதுக்கு நன்றாகவே கேட்கும் ஓர் அடித்தொண்டைச் சத்தம். தாத்தா கேட்ட 'கொர்ர்ர்' அதுதான்.

பேரனின் கைவண்ணம்

இவ்வளவும் அப்போது பேரனுக்குத் தெரியாது. அவன் செய்தது, பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். பரணில் கிடந்த பழைய அடாப்டர் டப்பாவைக் கவிழ்த்தான். டாக்கின் ஓட்டையில் பொருந்தியவை மூன்று. ஒன்று லேப்டாப்புடையது. லேபிளைப் பார்த்தான், 19 வோல்ட். அதைத் தள்ளிவைத்தது அவன் செய்த புண்ணியம். பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகியிருந்தால், டாக்குக்கு அன்றே பால் ஊற்ற வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றில் 12 வோல்ட் என்றுதான் இருந்தது. ஆனால் அதன் வெளியீடு ஏ.சி. லேபிளில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி, பாம்பு நெளிவது மாதிரி குறி இருந்தால் ஏ.சி. ஏ.சி கேட்கும் கருவிகளும் சில உண்டு. டி.சி கேட்கும் டாக்குக்கு ஏ.சி கொடுத்தால் அதோடு கதை முடிந்தது.

மூன்றாவது, பழைய இன்டர்நெட் ரவுட்டருடையது. 12 வோல்ட் டி.சி, 1 ஆம்பியர். செருகினான். உறுமல் மறைந்தது! தாத்தா முகத்தில் சிரிப்பு. பேரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டில் தவில் வந்தது. வால்யூமைக் கூட்டினார் தாத்தா. 'டப்' என்று டாக் அணைந்தது. மறுபடி தானாக எழுந்தது. அடுத்த தவில் அடிக்கு மறுபடி 'டப்'.

வோல்ட்டும் ஆம்பியரும் வேறு வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வோல்ட் என்பது அடாப்டர் தள்ளும் வேகம். அது லேபிளில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். ஆம்பியர் என்பது அடாப்டரால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது. கருவி தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, குறைவாக இருந்தால்தான் தப்பு. பெரிய பந்தியில் சாப்பாடு மீந்தால் பரவாயில்லை, பற்றாமல் போனால்தானே மானம் போகும். பாட்டில் தவிலோ டிரம்ஸோ ஓங்கி அடிக்கும் அந்த ஒரு நொடியில் டாக் 2 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. 1 ஆம்பியர் அடாப்டர் கையை விரிக்கிறது.

இத்தோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. நானோவை டாக்கில் வைத்தால் பாட்டு வருகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. 'இந்தத் துணைக்கருவியில் சார்ஜ் செய்ய முடியாது' என்ற பொருளில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். தனியாக ஒரு கேபிளில் சார்ஜ் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது நானோவின் பேட்டரி முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. கேபிளும் நைந்துபோய்விட்டது.

"அடாப்டரை நல்லதா மாத்தினா சார்ஜும் ஏறும் தாத்தா. எல்லாம் பவர் பிரச்னைதான்" என்று அடித்துச் சொன்னான் பேரன். பாதிதான் சரி.

ரிச்சி தெருவில் ஒரு பேட்டரி டெஸ்ட்

ஒரு சனிக்கிழமை இருவரும் டாக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவுக்குப் போனார்கள். ரெசிஸ்டரிலிருந்து சி.சி.டி.வி வரை எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடைக்கும் தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை மட்டுமே கடையாக வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் டாக் போய்ச் சேர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. முதலில் நானோ இல்லாமல் டாக்கை அதன் பழைய அடாப்டரில் போட்டார். மேஜையில் ஸ்டெப் டவுன் இருந்தது. உறுமல் வந்தது. வால்யூமைக் கூட்டினார், குறைத்தார். உறுமல் ஒரே அளவில் இருந்தது.

"வால்யூமோட சேர்ந்து ஏறி இறங்கினா, பாட்டு வர்ற வழியில கோளாறு. எப்படித் திருப்பினாலும் அசையாம நிக்குதுன்னா, பெரும்பாலும் பவர்ல கோளாறு. பார்த்துடலாம் சார்" என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்தார். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்-ஸுக்குள் இருக்குமே, 12 வோல்ட், 7 ஏ.ஹெச் பேட்டரி. ஒரு ஃப்யூஸ் வைத்த வயர் வழியாக அதை டாக்கோடு இணைத்தார். பேட்டரியில் மேடும் பள்ளமும் கிடையாது. கரன்ட் கம்பத்தோடு சம்பந்தமே கிடையாது. அதனால் அதைவிடச் சுத்தமான டி.சி கிடைப்பது கஷ்டம்.

அமைதி. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார் தாத்தா. ஒன்றும் இல்லை. வால்யூமை முழுதாக வைத்துத் தவில் பாட்டைப் போட்டார்கள். டாக் அணையவில்லை.

"டாக்குக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாருக்கு. அடாப்டர்தான் போச்சு."

ஒரு புது ஸ்பீக்கர் வாங்கும் செலவைச் சுத்தமாக மிச்சப்படுத்திய டெஸ்ட் இது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து சார்ஜ் விவகாரம். இதற்கு அடாப்டர் காரணமே இல்லை என்று மெக்கானிக் சொன்னபோது பேரன் நம்பவில்லை. 2003-லிருந்து ஆப்பிள் பயன்படுத்திய அகலமான 30 பின் இணைப்பில், சார்ஜ் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஃபயர்வயர் என்ற பழைய முறைக்கு 12 வோல்ட் பின். யு.எஸ்.பி முறைக்கு 5 வோல்ட் பின். ஆரம்ப கால டாக்குகள் பலவும் 12 வோல்ட் பின்னில் மட்டும் மின்சாரம் கொடுத்தன. 2008-ல் வந்த ஐபோன் 3ஜி, நான்காம் தலைமுறை நானோ போன்றவற்றில் ஆப்பிள் அந்த 12 வோல்ட் வழியை அடைத்துவிட்டது. 2006 டாக் ஒரு கதவைத் தட்டுகிறது. 2008 நானோ அந்தக் கதவையே சுவர் வைத்து மூடிவிட்டது. அடாப்டரை எவ்வளவு உயர்த்தினாலும் சார்ஜ் ஏறாது.

வழி இருக்கிறது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கட்டைவிரல் அளவு போர்டுகள் அதே தெருவில் சல்லிசாகக் கிடைக்கின்றன. அதை டாக்குக்குள் வைத்து, 12 வோல்ட் பின்னுக்குப் போகும் வயரை வெட்டிவிட்டு, 5 வோல்ட்டை யு.எஸ்.பி பின்னுக்குக் கொடுக்க வேண்டும். அதோடு, டேட்டா பின்கள் இரண்டிலும் சின்ன ரெசிஸ்டர்கள் மூலம் ஏறக்குறைய 2 வோல்ட் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்தால்தான் 'இது சார்ஜர்தான், அரை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம்' என்று நானோ ஒப்புக்கொள்ளும். வெறும் 5 வோல்ட்டை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு சுயமரியாதை!

"ஆனா சார், அந்த போர்டுல திருகுற ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும். 5-ல வைக்காம விட்டா 12 அப்படியே ஐபாடுக்குப் போயிடும். நான் கவனமாத்தான் செய்வேன். இருந்தாலும்..." என்று இழுத்தவர், "இதுல முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

தாத்தா சொன்னார்.

மெக்கானிக் நானோவை டாக்கிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "தம்பி, முதல்ல இதுல இருக்கிறதைக் காப்பி எடுத்துட்டு வா. அப்புறம்தான் இதுல கை வைப்பேன்."

அந்த ஒரு கேள்வி

பேரன் நண்பனிடம் 30 பின் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கினான். ஆப்பிள் 2012-லேயே இந்த இணைப்பை விட்டு லைட்னிங்குக்குப் போய்விட்டது. 2022 மே மாதம் ஐபாட் விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்தும்விட்டது. அதனால் கேபிள் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

லேப்டாப்பில் ஐட்யூன்ஸை நிறுவி நானோவைச் செருகினான். ஒரு பெட்டி வந்தது. இந்த ஐபாட் வேறொரு கம்ப்யூட்டரின் பாட்டுத் தொகுப்போடு இணைந்திருக்கிறது. இதை அழித்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதை ஏற்றவா என்று கேட்டது. அந்தக் கம்ப்யூட்டரிலோ ஒரு பாட்டுகூட இல்லை. 'சரி' என்று ஒரு க்ளிக். அவ்வளவுதான், பாட்டி போயிருப்பார்.

எதையும் படிக்காமல் 'ஓகே' அழுத்தும் தலைமுறை என்று இளைஞர்களைத் திட்டுபவர்கள் கவனிக்க: இவன் படித்தான். 'கேன்சல்' அழுத்தினான்.

அதன்பின் அவன் செய்தது, பழைய ஐபாட் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும். விண்டோஸ் கம்ப்யூட்டரோடு பழகிய நானோ, கிளாசிக் போன்ற ஐபாடுகளை பென் டிரைவ் போலத் திறக்க முடியும். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி லேப்டாப்பில் செட்டிங்கை மாற்றினால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்'. அதற்குள் எண் போட்ட வரிசையான ஃபோல்டர்கள். பாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. பெயர்கள் மட்டும் அர்த்தமில்லாத நான்கெழுத்தாக இருக்கும். பயப்பட வேண்டாம். அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, வி.எல்.சி மாதிரி ஒரு பிளேயரில் போட்டால், ஃபைலுக்குள் எழுதிவைத்திருக்கும் தலைப்புகள் வந்துவிடும். (ஐபோன், ஐபாட் டச் இரண்டுக்கும் இந்த வழி செல்லாது.)

வந்தன. பழைய சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே 'அம்மா 1', 'அம்மா 2' என்று அத்தை பெயரிட்ட 9 ஃபைல்கள். நாலாவதில் தாலாட்டுக்கு நடுவே பாட்டி அவன் பெயரைச் சொல்லி, "தூங்குடா" என்று அதட்டுகிறார். பின்னணியில் குக்கர் விசில். பேரனுக்கு அது தெரியவே தெரியாது. அந்த நானோவை அவன் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

லேப்டாப்பில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி, நியூ ஜெர்சியில் உள்ள அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினான். ஃபைல் அப்படியே போய்ச் சேர அதுதான் பாதுகாப்பு. அங்கே இரவு 2 மணி. பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. எழுத்தில்லை, அழுகிற குரல்.

எந்த அடாப்டர்?

இனி பழைய கேள்விக்கு வரலாம். அடாப்டரை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது?

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. இசைப்பித்தர்கள் சொல்வது 'லீனியர்'. பழைய முறைப்படி பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெபாசிட்டர், அதற்கு மேல் வோல்ட்டேஜை இழுத்துப்பிடித்து ஒரே அளவில் வைக்கும் ஒரு ரெகுலேட்டர் ஐ.சி. 2008-ல் வாடியா என்ற அமெரிக்க நிறுவனம் '170 ஐட்ரான்ஸ்போர்ட்' என்றொரு டாக் கொண்டுவந்தது. ஐபாடுக்குள் இருக்கும் டிஜிட்டல் இசையை அப்படியே வெளியே எடுத்துக் கொடுத்த முதல் டாக் அது. அதை வாங்கிய கையோடு, கூட வந்த அடாப்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு லீனியர் சப்ளை மாட்டி, 'இசை மூச்சுவிடுகிறது' என்று பரவசப்பட்டவர்கள் நிறைய பேர்.

இன்னொரு கட்சி, இப்போது நாம் எல்லோரும் பயன்படுத்தும் எஸ்.எம்.பி.எஸ். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் இந்த ரகம்தான். மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகப் போதும். எடை குறைவு, சூடு குறைவு. 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும், 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்ற பேதமும் இல்லை. தாத்தா வீட்டு ஸ்டெப் டவுன் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். ஆனால் மட்டமாகச் செய்திருந்தால், அந்த வெட்டும் சத்தத்தின் மிச்சம் ஸ்பீக்கரில் 'கீய்ய்ய்' என்று மெல்லிசாகக் கேட்கும். டாக்கின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரலில் லேசாகக் கூசவும் செய்யும்.

தாத்தாவுக்கு லீனியர்மீதுதான் ஆசை. டிரான்ஸ்ஃபார்மரோடு வாழ்ந்தவர். மெக்கானிக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், டயோடு தாண்டி கெபாசிட்டரில் நிற்பது கிட்டத்தட்ட 20 வோல்ட். பாட்டு ஓடும்போது 18 என்று வைத்துக்கொண்டாலும், டாக்குக்கு வேண்டியது 12. மிச்சம் 6 வோல்ட்டை ரெகுலேட்டர் சூடாக மாற்றித்தான் தீர்க்க வேண்டும். 2 ஆம்பியர் ஓடினால் 12 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னின் பாதிச் சூட்டை டி.வி ஸ்டாண்டுக்குள் வைத்ததுபோல. பெரிய ஹீட் சிங்க், காற்றோட்டமான பெட்டி, ஃப்யூஸ், எர்த் எல்லாம் வேண்டும். செய்யலாம், ஆனால் செலவு நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ஸைப்போலப் பல மடங்கு.

"வித்தியாசம் கேட்குமா?" என்றார் தாத்தா.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்று யு.பி.எஸ் பேட்டரியை ஃப்யூஸ் வயரோடு ஒரு நாளைக்குக் கடன் கொடுத்தார் அவர். கூடவே புது அடாப்டர் ஒன்று: 12 வோல்ட், 3 ஆம்பியர், பி.ஐ.எஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளது. நானோவுக்கான 5 வோல்ட் போர்டும் அதற்குள் டாக்கில் ஏறியிருந்தது. 5-ல் வைத்து, மல்டி மீட்டரில் இரண்டு முறை பார்த்து, ஸ்க்ரூ அசையாமல் இருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்திருந்தார். சார்ஜ் ஏறியது.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பேரன் சத்தமில்லாமல் பேட்டரியையும் அடாப்டரையும் மாற்றி மாற்றி இணைத்தான். எது எதுவென்று தாத்தா சொல்ல வேண்டும். 10 முறை. அதில் 6 முறை சரி. காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். பேட்டரிதான் மிகச் சுத்தமான மின்சாரம். அதிலேயே வித்தியாசம் தெரியவில்லை என்றால், லீனியருக்குக் கொடுக்கும் காசு வேறு எதற்கு?

இதை வைத்து இசைப்பித்தர்கள் எல்லோருக்கும் காது கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவுடையது சாதாரண டாக். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. இதில் உறுமல் போவதுதான் பெரிய முன்னேற்றம், அது நல்ல அடாப்டர் எதிலும் போய்விடும். டிஜிட்டலாக மட்டும் வெளியே அனுப்பும் டாக்குகளில், பவர் சப்ளையை மாற்றுவதால் பாட்டின் ஒன்றும் பூஜ்யமும் மாறிவிடப் போவதில்லை. அவை போய்ச்சேரும் நேர ஒழுங்கிலும், வயர் வழியாகக் கசியும் இரைச்சலிலும் நூலளவு வித்தியாசம் வரலாம். அதைக் கேட்கும் அளவுக்கு மீதி அமைப்பும், அதற்கேற்ற அறையும் இருப்பவர்கள் செலவழிக்கட்டும். மற்றவர்கள் முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்பது பர்ஸுக்கு நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் அதிகம் பேர் கோட்டைவிடுவது இரண்டு. ஒன்று, பின்னின் நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்பது. லேபிளில் வட்டத்துக்குள் புள்ளி போட்ட ஒரு படம் இருக்கும். பழசிலும் புதுசிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு, பின்னின் உள்துளை. வெளியே 5.5 மி.மீ. என்று ஒரே அளவாக இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு ரகம். 2.1 மி.மீ. ஊசி உள்ள கருவியில் 2.5 மி.மீ. பின்னைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். டாக் அடிக்கடி அணைந்து எழுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

பழுதான அடாப்டரை வீட்டில் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் மட்டும் வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்-ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

பழைய செங்கல் அடாப்டரை என்ன செய்வது என்று பேரன் கேட்டான். குப்பையில் போட வேண்டாம், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம் என்றார் தாத்தா. சொல்லிவிட்டு, அதை அவரே எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டார். "உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் நல்லாத்தான்டா இருக்கு."

புது அடாப்டரின் முதுகில் இப்போது ஒரு துண்டு மருத்துவ டேப் ஒட்டியிருக்கிறது. அதில் தாத்தாவின் தொழிற்சாலைக் கையெழுத்தில், கொட்டை எழுத்துகளில்: '12 வோல்ட். டாக்குக்கு மட்டும். யாரும் எடுக்கக் கூடாது.'